வற்றாத பால்

மூன்றாவது நாளாகக் கணவன் எபனேசரின் தட்டில் சோறு பிசையாமலே காய்ந்து கிடந்தது. ஆனால் அவன் மெலியவில்லை. கன்னம் பூசினாற்போல் உப்பியிருப்பதை ரீபா கவனித்தாள்.

பிள்ளை ஒன்பது நாள்தான் இருந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும், பால் வற்றுவதற்காக மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினாள். பூதான் வாடியது. பால் கட்டிக் காய்ச்சல் கொதித்த ஒரு மத்தியானம், வலி தாளாமல் கணவனைக் கூப்பிட்டாள். அவன் குடித்தான். பிள்ளை போனபின் இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். இழந்தது முழுதாகப் போய்விடவில்லை, இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு வாய்க்குப் போய்ச் சேருகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாளிலிருந்து பூக் கட்டவில்லை. தெரிந்துதான் கட்டாமல் விட்டாள்.

அவன் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு வாரமாயிற்று. ஏன் என்று கேட்டபோது, "பைய போறேன்" என்றான், அவசரமே இல்லாதவன்போல. அதன்பிறகு பேச்சே இல்லை.

மழைக்கு முந்திய சாயங்காலப் புழுக்கத்தில், ஆற்றுச் சேற்றின் வாடையோடு வீட்டுக்குள் புளித்த பாலின் வாடையும் கனத்து நின்றபோது, ரீபா மறுபடி மல்லிகைப்பூ கேட்டுப் பூக்காரி அன்னத்தாயை வாசலில் நிறுத்தினாள்.

"நாப்பது நாளாச்சே தாயி, இன்னுமா வத்தலை? பிள்ள இல்லாத வீட்டுல யாருதான் குடிக்கா? பூனை ஏதும் வளக்கியளா?"

அன்னத்தாய் சிரித்தாள். ரீபாவுக்குச் சிரிக்க வரவில்லை. இன்றோடு நிறுத்தியாக வேண்டும். அவன் புருஷனாகத் திரும்பி வரவேண்டும்.

அறைக்குள் போய்த் தாழிட்டாள். பூவை வைத்து, துணியை இறுக்கிக் கட்டினாள்.

கூடத்தில் சத்தம் கேட்டது. காலடி இல்லை. உள்ளங்கை, முழங்கால். உள்ளங்கை, முழங்கால். கதவருகே வந்து நின்றது.

"ஏங்க, எம் பேரச் சொல்லுங்க. ஒரு தடவ சொன்னாப் போதும், கதவத் தெறக்கேன்."

மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு அழுகை. மெலிந்து, நடுவில் உடைகிற அழுகை. ஒன்பது நாள் கேட்ட அதே குரல்.

காதைப் பொத்திக்கொண்டாள். பயனில்லை. துணி நனைந்தது. அவளைக் கேட்காமலே நனைந்தது.

கதவடியில் ஏதோ மினுங்கி உருண்டு வந்து அவள் காலில் முட்டியது. அவனுடைய கல்யாண மோதிரம். கழற்றியதல்ல. நழுவியது.

பின்னாலேயே விரல்கள் நுழைந்தன. சின்னவை. நகம் முற்றாதவை.

ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

விரல்கள் அந்தப் பக்கம் திரும்பின.