இரும்பில் விழும் சொட்டு

நான்காம் அறையில் தண்ணீர் சொட்டும் சத்தம் மாறிவிட்டது.

கெமெல் தேநீர்க் கிண்ணத்தை உதட்டருகே பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டான். மற்ற மூன்று அறைகளிலும் டங், டங் என்று ஒழுங்காகத்தான் விழுந்துகொண்டிருந்தது. கடைசி அறையிலிருந்து மட்டும் தப், தப் என்று வந்தது. அது இரும்பில் விழுகிற சத்தமில்லை. துணியில் விழுகிற சத்தம்.

எரெய்மெந்தாவ் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில், அவரவர் காரை அவரவரே கழுவிக்கொள்ளும் நிலையம் அது. கனத்த தார்ப்பாய்த் திரை போட்ட நான்கு அறைகள் வரிசையாக இருக்கும். முதல் அறையை ஒட்டி, கொதிகலனும் பம்பும் உறுமும் இந்தச் சின்னக் காவலறை. குளிர் மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கிவிட்டால் யாரும் கார் கழுவ வரமாட்டார்கள், ஆனால் குழாயை மூடவும் கூடாது. நான்கு பீச்சுக்குழாய்களையும் கொக்கியில் தொங்கவிட்டு, வெந்நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்படி விட வேண்டும். ஓடுகிற தண்ணீர் உறையாது. நின்றுவிட்ட தண்ணீரோ குழாயைப் பிளந்துவிடும். சொட்டுகிற நீர் தரையிலுள்ள இரும்புக் கிராதியில் விழுந்து, சேற்றுக் குழிக்குள் போய், சூடாகித் திரும்பி வரும். இத்தனை குளிர்காலமாக அந்த நான்கு டங்குகளையும் கேட்டுக்கொண்டேதான் கெமெல் சாப்பிட்டான், தூங்கினான். மனைவியின் குரலைவிட அது அவனுக்குப் பழக்கம்.

காலையிலிருந்து பம்பு வேறு முனகிக்கொண்டிருந்தது. அது நின்றால் எல்லாமே நிற்கும். அதனால்தான் எகிபஸ்துஸ் நகரிலிருந்த தம்பி ஓல்ஜாஸைக் கூப்பிட்டு, புதுப் பம்பு ஒன்று வாங்கி வரச் சொல்லியிருந்தான். தம்பி நண்பகலில் கிளம்பினான். அவன் கிளம்பிய பிறகுதான் புரான் என்கிற பனிப்புயல் எழுந்தது. இப்போது சாயங்காலம், வெளியே கும்மிருட்டு, காற்று பனியைக் கிடைமட்டமாக அள்ளி அடிக்கிறது, தம்பியின் போனுக்கு இணைப்பு கிடைக்கவில்லை. ஒரு பாழாய்ப்போன பம்புக்காக அவனை வரச் சொன்னோமே என்று கெமெல் தன்னையே நொந்துகொண்டான்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு நான்காம் அறைக்குப் போனான். கிராதியில் பனிக்கட்டி படிந்திருக்கும், தட்டிவிட்டால் சரியாகிவிடும். சோப்பு நாற்றமும் ஈரச் சேற்றின் நாற்றமும் கலந்து, அடியில் சூடேற்றிய தரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. விளக்கைப் போட்டான்.

கிராதியில் பனிக்கட்டி இல்லை. சுற்றிலும் தரை ஈரமாக மின்ன, கிராதியின் குறுக்கே நீளமாக ஓர் இடம் மட்டும் காய்ந்து, உறைபனி பூத்து வெளுத்துக் கிடந்தது. ஒரு முனையில் உருண்டையாக. நடுவில் அகலமாக. மறுமுனையில் குறுகலாக. மேலே தொங்கிய குழாயிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது. கெமெல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். இரும்புக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், அது தப் என்று பட்டுத் தெறித்தது.

சுத்தியல் கையிலிருந்து விழுந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

காவலறையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. நிலையத்துக்குச் சொந்தக்காரன் சாபித்.

“என்னடா, தண்ணி ஓடுதா?”

“ஓடுது சாபித் அண்ணே.”

“நின்னுச்சுன்னு வையி, உன்னையே குழாய்க்குள்ள விட்டு ஊதிருவேன். புதுப் பம்பு மாட்டியாச்சா?”

“ஓல்ஜாஸ் எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டிருக்கான். போன் போக மாட்டேங்குது.”

“இந்தப் புரான்லயா? ரோட்டையே மூடிட்டாங்கடா!” சாபித் உச்சுக்கொட்டினான். “வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தான்னா பொழைச்சுக்குவான். போன வருஷம் இதே மாதிரி மாட்டிக்கிட்ட அந்த மூணு பேரு காரை விட்டு எறங்கித்தானே நடந்தானுங்க? பனி உருகுன பிறகும் ஒரு பூட்ஸ்கூடக் கெடைக்கல. காரு மட்டும்தான் கெடைச்சுச்சு. நீதானே கழுவுன?”

“ஆமா. காரைக் கழுவுனேன்.”

“சரி, எவன் வந்து தட்டினாலும் திரையைத் திறக்காத. சூடு போயிரும்.”

“புரான்ல வந்தவனை வெளிய நிக்க வைக்கிறதா? நம்ம ஆளுங்க செய்யிற காரியமா அது?”

“பெரிய வள்ளல் இவரு! உன் வீட்டுல போய்ப் பண்ணு அதெல்லாம். என் குழாய் உறைஞ்சா நீ அழுவியா, நான் அழுவேனா?”

போனை வைத்துவிட்டான். கெமெல் அவன் பரம்பரையையே மனதுக்குள் திட்டித் தீர்த்தான். திட்டி முடித்தபோது, காதில் ஏதோ குறைந்தது.

மூன்றாம் அறையிலும் இப்போது தப், தப்.

இந்தச் சத்தத்தை முன்பும் கேட்டிருக்கிறான். எங்கே என்பது அவன் வேண்டாம் வேண்டாம் என்றாலும் நினைவுக்கு வந்தது. அப்பா இறந்தபோது, கூடாரத்துக்குள், துணி போர்த்திய உடம்பின் மேல் கெமெல்தான் செம்பிலிருந்து வெந்நீர் ஊற்றினான். வலப்பக்கம் முதலில், பிறகு இடப்பக்கம். ஊற்ற ஒருவன், தேய்க்க மூன்று பேர். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூவரும் குந்தியிருந்தார்கள், அவன் ஊற்றுவதற்காக அவன் முகத்தையே பார்த்தபடி. அப்போது நீர் துணியில் விழுந்த சத்தம் இதே சத்தம்தான். கழுவாமல் யாரையும் மண்ணுக்குள் அனுப்புவதில்லை. நடந்து போன அந்த மூன்று பேருக்கு யார் ஊற்றினார்கள்? இந்தப் பரந்த வெளியில், பனிக்காலம் முழுக்க, வெந்நீர் நிற்காமல் சொட்டுகிற இடம் வேறு எது இருக்கிறது?

தேநீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். எல்லாக் குழாய்களையும் மூடிவிடலாமா என்று நினைத்தான். மூடினால் குழாய் வெடிக்கும், வெடித்துத் தொலையட்டும். எழுந்து திருகில் கை வைத்தான்.

இரண்டாம் அறையில் டங் என்று ஒன்று விழுந்தது. அடுத்தது தப்.

மூன்று அறைகள். மூன்று பேர். அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

அப்படியானால் முதல் அறை யாருக்கு?

திருகிலிருந்து கையை எடுத்தான். மூடினால் அந்த ஒரு டங்கும் நின்றுவிடும். பனியில் எங்கோ வரும் தம்பியைப் பற்றி அவனுக்கு இருந்த ஒரே சேதி அந்தச் சத்தம்தான். அது இரும்பில் விழுகிற வரை ஓல்ஜாஸ் உயிரோடு இருக்கிறான். பைத்தியக்கார நினைப்பு என்று அவனுக்கே தெரிந்தது, ஆனாலும் கால்கள் ஓடின. முதல் அறைக்குள் போய் விளக்கைப் போட்டான். கிராதி ஈரமாக, வெறுமையாக இருந்தது. பீச்சுக்குழாயைக் கொக்கியிலிருந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்து, முனையைக் கிராதிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டங்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், தப்.

டங்.

தப். தப். தப்.

விரல்கள் மரத்தன. முதுகுப் பக்கம் தார்ப்பாய் படபடத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. விடாதே. இரும்பில் விழட்டும். இரும்பில் விழட்டும்.

திரையை யாரோ கையால் குத்தினார்கள்.

“அண்ணே! செத்துட்டியா உள்ள? திற!”

ஓல்ஜாஸ். ஓல்ஜாஸின் குரலேதான். கெமெல் குழாயை ஒரு கையில் பிடித்தபடியே தாவி, திரையின் கொக்கியைத் தள்ளிவிட்டான். பனியும் காற்றும் முகத்தில் அறைந்தன. தலை முதல் கால் வரை வெள்ளையாக, கக்கத்தில் பம்புப் பெட்டியோடு தம்பி உள்ளே வந்தான்.

“நாயே, கழுதை, போனை எடுக்க மாட்டியாடா!” கெமெலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “உசிரே போச்சுடா எனக்கு!”

“குழாயை ஏன் பாம்பைப் பிடிச்ச மாதிரி இறுக்கிக்கிட்டு நிக்கிற?” என்று சிரித்தான் ஓல்ஜாஸ்.

டங், என்றது கிராதி. கெமெல் நிம்மதியாகக் குழாயைக் கொக்கியில் மாட்டினான்.

“வா, உள்ள வா. டீ இருக்கு, பவுர்சாக் ரொட்டி இருக்கு. வண்டியை எங்க நிறுத்துன?”

“அது வழியிலயே நின்னுருச்சுண்ணே. எறங்கி நடந்துட்டேன்.”

கெமெல் பேசும்போது வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. தம்பியின் வாயிலிருந்து வரவில்லை.

“ரொம்பத் தூரமாடா?”

“தெரியலண்ணே. மூணு பேரு கூட வந்தாங்க. நல்ல மனுஷங்க. அவங்கதான் வழி காட்டுனாங்க.” பம்புப் பெட்டியைக் கீழே வைத்தான். பனிக்கட்டி படிந்திருந்த பெட்டி தரையில் மோதியது. “அலுப்பா இருக்கு. கொஞ்சம் படுத்துக்கிறேன்.”

“இங்க வேணாம். டேய், இங்க வேணாம்டா. எந்திரி.”

ஓல்ஜாஸ் கிராதியின் குறுக்கே நீட்டிப் படுத்தான். தரையின் சூட்டில் சுற்றிலும் ஆவி பறந்தது. அவன் இமைகளில் இருந்த பனி உருகவில்லை.

கொக்கியிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது.

தப்.

மற்ற அறைகளில் சத்தம் நின்றது. டங்கும் இல்லை. தப்பும் இல்லை. ஈரக் காலடிகள் மட்டும். தடுப்பின் ஓரத் தார்ப்பாய் விலகியது.

“அண்ணே,” என்றான் ஓல்ஜாஸ், கண்ணைத் திறக்காமல். “வலப்பக்கத்துலேருந்து ஊத்து.”

மூவரும் வந்து அவனைச் சுற்றிக் குந்தினார்கள். வெளுத்த கைகளால் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார்கள். பிறகு கெமெலின் முகத்தையே பார்த்தபடி, அவன் ஊற்றுவதற்காகக் காத்திருந்தார்கள்.