இளையதம்பிக்கு இரவல் உடம்பு

புளியங்குளம் சந்தியில் ஒரு பழைய கல்வீட்டின் முன்னறைதான் நிருஷனின் கடை. படம் பெருப்பித்துக் கொடுப்பான், கல்வெட்டு அடிப்பான். செத்தவரின் படத்தோடு முப்பத்தோராம் நாளில் பங்கிடுகிற அந்த நினைவுப் புத்தகம்தான் சமாதான காலத்திலும் அவர்களுக்குச் சோறு போட்டது.

மத்தியானம் சோற்றுப் பார்சலோடு அவன் மனைவி சுதாஜினி வந்தபோது பின்பக்கம் ஜெனறேற்றர் இரைந்துகொண்டிருந்தது. மொனிட்டரோ இருண்டு கிடந்தது. கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு நிருஷன் குனிந்திருந்தான்.

“என்னப்பா, திரும்பவும் வேகத்தை ஏத்தினீங்களோ?”

கேட்காமல் என்ன செய்வாள்? கிரிக்கெட் விளையாட்டுத் துள்ளாமல் ஓடவேண்டுமாம் என்று, மதர்போர்ட்டோடு சேர்ந்து வந்த கிறபிக்ஸின் வேகத்தை, பயோஸ் என்கிற அடிப்படை அமைப்புக்குள் போய்க் கூட்டிவைத்து, போன மாதமும் இதே கூத்துத்தான். சொன்னால் கேட்கிற மனுசனா இவன்!

“அம்மாளாணை நான் தொடேல்லை. காலமை கல்வெட்டைத் திறந்தன். கோடு கோடா வந்து திரை அப்பிடியே இருண்டு போட்டுது.” அவன் நெற்றியைத் துடைத்தான். “எனக்கும் அதிலயிருந்து உடம்பு கொதிக்குது.”

சத்தியத்தை அவள் நம்பவில்லை. காய்ச்சலை மட்டும் தொட்டுப் பார்த்து நம்பினாள்.

அவளிடமும் ஒரு களவு இருந்தது. அந்தக் கல்வெட்டு வற்றாப்பளை இளையதம்பியினுடையது. “அவர் ஒருநாளும் கோட் போடேல்லைப் பிள்ளை, படத்திலையாவது போட்டுவிடுங்கோ” என்று அவருடைய மனிசி கமலாசனி கேட்டிருந்தா. எல்லாரும் கேட்பதுதான். அடையாள அட்டைத் தலையை வெட்டி, சீடியில் இருக்கும் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கோட் உடம்பில் ஒட்டிவிடுவார்கள். நேற்றுப் பின்னேரம் சீடி கீறுப்பட்டுத் திறக்கவில்லை. தங்கள் பதிவுத் திருமணப் படத்தில் நிருஷன் கழுத்துப்பட்டியோடு போட்டிருந்த கோட்டை, உடம்போடு வெட்டி ஒட்டிவிட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. அவனுக்கு மூச்சும் விடவில்லை.

நிருஷன் மதர்போர்ட்டில் இருந்த காசு வடிவப் பற்றரியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பப் போட்டான். பயோஸில் மாற்றியதெல்லாம் அதோடு அழிந்து பழைய நிலைக்கு வந்துவிடும்.

திரை வந்தது.

“இப்ப எனக்கும் சுகம் போலக் கிடக்கு” என்றான்.

கல்வெட்டைத் திறந்தான். இளையதம்பியின் முகம் பாதி தெரிவதற்குள் கோடுகள் ஓடின. திரை இருண்டது. நிருஷன் முனகிக்கொண்டு மேசையில் சாய்ந்தான்.

“விடுங்கோ, அந்தக் கதிரையில போய் இருங்கோ.” இவன்தான் ஏதோ செய்கிறான் என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. அவனை வாசலடியில் இருத்திவிட்டு, பற்றரியைத் தானே கழற்றித் திரும்பப் போட்டாள். நேராகப் பயோஸுக்குள் போனாள்.

வேகம் கூடியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் விசைப்பலகையில் கை வைக்கவில்லை.

இலக்கங்கள் அவள் கண்ணெதிரே ஏறின.

இவ்வளவு வேகத்துக்கு உள்ளே நெருப்பாய்க் கொதிக்கவேண்டுமே! சிப்பின் மேலிருந்த அலுமினியத் தகட்டைத் தொட்டாள். பனிக்கட்டி. எங்கிருந்தோ திருநீறும் வாடின மாலையும் கலந்த செத்தவீட்டு மணம் வந்தது.

“சுதா…” வாசலில் நிருஷன் கழுத்தைப் பிராண்டிக்கொண்டிருந்தான். கழுத்துப் பட்டையே இல்லாத பெனியன்தான் போட்டிருந்தான். “கழுத்தை இறுக்குது. இதை அவிழ்த்துவிடும்.”

ஓடிப்போய்த் தொட்டாள். கை சுட்டது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஐயோ, உயிரோடு இருக்கிறவனின் உடம்பையல்லவா செத்தவருக்குக் கொடுத்துவிட்டேன்!

பற்றரியைப் பிடுங்கித் திரும்பப் போட்டாள். கல்வெட்டைத் திறந்தாள். கோடுகள் கீழிருந்து ஏறிவந்தன. கோட் உடம்பைத் தெரிந்தெடுத்து அழித்தாள், சேமித்தாள்.

கோடுகள் மறைந்தன.

வாசலில் நீண்டதொரு மூச்சுக் கேட்டது. நிருஷனின் நெற்றி குளிர்ந்திருந்தது. “என்ர அம்மாளே!” என்று அவன் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவன் கதிரையில் சாய்ந்துகொண்டான். களைப்பாக்கும் என்று நினைத்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குத் திரும்பினாள். படத்தைச் சுற்றின பூக்கரை இருந்தது. பெயர் இருந்தது.

முகம் இல்லை.

முகத்தில் அவள் கையே வைக்கவில்லை.

“பிள்ளை.”

கட்டின நாளிலிருந்து அவன் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. மெல்லத் திரும்பினாள். கதிரையில் இருந்தவன் தன்னுடைய இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வற்றாப்பளைக்குப் பஸ் போயிட்டுதோ, பிள்ளை? கமலாசனி பாத்துக்கொண்டிருப்பாள்.”