உர்பானை ஆற்றில் முக்கிய நாள்

தள்ளுவண்டி கோயில் படியில் இடித்து நின்றது. மழையில் தொப்பலாக நனைந்திருந்த எர்மான்ஸ் அதை ஓர் உதை உதைத்துவிட்டு உள்ளே போனாள்.

புனித உர்பானின் மரச்சுரூபத்தின் முன்னால், ஏணியில், தூரிகையோடு ஒருவன். வெளியூர்க்காரன். திரும்பிப் பார்த்தான்... சாம்பல் நிறக் கண்கள். கோபமாக இருக்கும்போது இப்படியா கண்கள் எதிரே வர வேண்டும்? அவளுக்கு எரிச்சல் கூடியது.

"நகருங்க. அவரைத் தூக்கணும்."

"பெயின்ட் காயல."

"ஆத்துல முக்கப்போறேன். காஞ்சா என்ன, காயாட்டி என்ன?"

உர்பான் திருநாளில் மழை பெய்தால் அந்த வருடம் திராட்சை தேறாது. அந்த மலையடிவாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. பரிகாரமும் உண்டு. பொழுது சாய்வதற்குள் அவரை ஆற்றில் மூன்று முறை முக்கினால், வெட்கப்பட்டு வெயிலைத் தந்துவிடுவார். அன்றுதான் திருநாள். ஆனால் புது வண்ணம் கெட்டுவிடும் என்று பங்குச்சாமியார் தடுத்துவிட்டார். ஊர் ஆண்கள் தொப்பியைக் கழற்றித் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அவளுடைய அப்பா ஒக்டாவ் வீட்டில் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தவக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். மே மாதப் பனியில் அம்மா நட்ட கொடிகள் அத்தனையும் கருகின. உர்பானும் கைவிட்டால் மறுநாளே வேரோடு பிடுங்கிவிடுவேன் என்றிருந்தார் அப்பா. சொன்னால் செய்கிறவர்.

"முப்பது வருஷம் இவருக்கு மெழுகுவர்த்தி ஏத்தினா எங்கம்மா," என்றாள். "ஒரு வருஷம் தவறல. இவரு என்ன கிழிச்சாரு?"

பிர்மேன் என்ற அந்த ஓவியனுக்கும் கோபம் வந்தது. ஐந்து வார உழைப்பு. தனியாக அவன் வண்ணம் தீட்டும் முதல் சுரூபம். இதைப் பார்த்துத்தான் இன்னும் இரண்டு கோயில்கள் அவனைக் கூப்பிடுவதாக இருந்தன.

"உங்க சண்டை அவரோட. என் கை என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் சுரூபத்தின் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். சட்டையெல்லாம் நீலம். சுரூபம் அசையவே இல்லை...

"அழறீங்களா?"

"மழை."

"கோயிலுக்குள்ளயா?"

அவள் முறைத்தாள். நனைந்த இமைகளுக்குள் அப்படியொரு நெருப்பு. அவன் ஏணியிலிருந்து இறங்கினான். தூரிகையைக் கீழே வைத்தான்.

"தலைப்பக்கம் நீங்க பிடிங்க."

மூன்றாம் முறை முக்கியபோது, நீலம் கலைந்து ஆற்றோடு போனது. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் அதையே பார்த்தான். அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை. கரையில் வந்து நின்ற ஒக்டாவ், வெகுநேரம் பார்த்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

மழை மேலும் நான்கு நாள் பெய்தது. ஆனால் அப்பா கொடியில் கை வைக்கவில்லை. கருகிய கட்டைகளிலிருந்து ஜூனில் பச்சை எட்டிப் பார்த்தது.

பிர்மேனை மறுபடி முதலிலிருந்து தீட்டச் சொல்லிப் பங்குச்சாமியார் கத்தித் தீர்த்தார். அந்த இரண்டு கோயில்களும் கைவிரித்துவிட்டன. தன்னால்தானே என்று எர்மான்ஸ் அவன் முகத்தில் விழிக்கவே கூசினாள். தினமும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கோயில் படியில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். சுமக்க ஆள் வேண்டியிருந்தது, அதற்குமேல் ஒன்றுமில்லை போல என்று அவன் நினைத்தான். யார் முதலில் பேசுவது...?

ஆகஸ்டில் ஒருநாள், அவன் மூட்டையோடு குதிரைவண்டிக்குக் காத்து நிற்பதைப் பார்த்துவிட்டாள்.

"சொல்லாமலே கிளம்பியாச்சா?"

"வேலை முடிஞ்சு பத்து நாளாச்சு. சும்மா தூரிகையை வச்சுத் தடவிட்டு இருந்தேன். ஒரு நாளாவது உள்ள வருவீங்கன்னு..."

பத்து நாள்! அவளுக்குக் காதுமடல்வரை கொதித்தது. மூட்டையைப் பிடுங்கித் தெருப்புழுதியில் எறிந்தாள்.

"பிடிச்சிருக்கு. கோபம் கோபமா வருது, அவ்வளவு பிடிச்சிருக்கு. இப்ப என்ன பண்ணப்போறீங்க?"

வண்டி வந்து நின்றது. வண்டிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, ஏறுறியா இல்லையா?"

பிர்மேன் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏறல."