உதட்டில் மட்டும் புள்ளிகள்

வெளிச்சம் குறைந்த இடத்தில் எடுத்த படத்தில் புள்ளிகள் விழுவது பவானிக்குப் புதிதில்லை. ஆனால் கேமராவின் பின்திரையில், அறையின் இருண்ட மூலைகளில்கூட ஒரு புள்ளி இல்லை. செத்துப்போன ராஜமாணிக்கத்தின் உதட்டில் மட்டும் வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தன.

முதுநகரில் அந்த வீட்டுக்கு அவள் வந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். பிற்பகல் மூன்று மணி. மழை. கரண்ட் போய், ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். சாமந்தி, ஊதுபத்தி, அவற்றுக்கெல்லாம் அடியில் ஊறிப்போன கருவாடுபோல், கூடவே தித்திப்பாய் ஒரு நாற்றம். மூச்சை இழுக்க இழுக்க அது நாக்கிலேயே வந்து படிந்தது. குவைத்திலிருக்கும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லையாம், அப்பா முகத்தைத் தெளிவாக எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தான். உறவுக்காரர்கள் வெளியே பந்தலில் இருக்க, மகள் மலர்க்கொடி மட்டும் உடலருகே உட்கார்ந்திருந்தாள்.

“ஃப்ளாஷ் அடிக்காதீங்கக்கா. அப்பாவுக்குக் கண்ணு கூசும்.”

துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்த பவானி, குறைந்த வெளிச்சத்தையும் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓவை ஏற்றி இன்னொன்று எடுத்தாள். இப்போது சுவரெல்லாம் மணல் தூவியதுபோல் இருந்தது. உதட்டுப் புள்ளிகள் மட்டும் அந்த மணலைவிடப் பருத்து, மூக்கடியை எட்டியிருந்தன.

“வாய்க்கரிசி போட்டாச்சாம்மா?”

“இன்னும் இல்லக்கா. எடுக்குறப்பதான போடுவாங்க.”

நிமிர்ந்து பார்த்தாள். காய்ந்த, மூடிய உதடுகள். வேறொன்றுமில்லை.

கையிலிருந்த கேமராவில் ஒளியை வாங்குவது சின்ன சென்சார்; வெளிச்சம் போதாவிட்டால் இல்லாததையெல்லாம் காட்டும். கல்யாணங்களுக்கு எடுத்துப்போகும் பெரிய சென்சார் கேமரா பையில் இருந்தது. இந்த வெளிச்சம் அதற்குத் தாராளம். அதில் எடுத்து, பெரிதாக்கினாள். சுவர் மணல் போய்விட்டது. மீசை முடி ஒவ்வொன்றும் துல்லியம். புள்ளிகளும் துல்லியம். கொழுத்த உடம்புகள். வளையம் வளையமாக மடிப்பு. ஈரம். உதட்டு இடுக்கிலிருந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வெளியே.

பெரிதாக்கிய படத்தைச் சட்டென்று சுருக்கினாள்.

“எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுங்கக்கா.” மலர்க்கொடி குனிந்து, அப்பாவின் வாயோரம் தன் வாயை ஒட்டிவைத்தாள்.

வேண்டாம் என்பதற்குள் விரல் அழுத்திவிட்டது.

திரையில், அவை அவர் உதட்டிலிருந்து அவள் உதட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அவள் வாய் நிறைய.

நேரில், சுத்தமான வாய். அது எழுந்து வந்தது. முகத்துக்கு நேரே நின்றது.

“நல்லா வந்துருக்காக்கா?”

தெறித்த எச்சில் பவானியின் கீழுதட்டில் பட்டது. துடைத்தாள். தேய்த்தாள். புறங்கையில் ஒன்றுமில்லை. கேமராவைத் தன் பக்கம் திருப்பி அழுத்தினாள்.

தன் முகம். கீழுதடு. இரண்டு. ஒன்று வெளியே. மற்றது, பாதி உடம்பு உள்ளே.

வாய் முழுக்க எச்சில் ஊறியது.

“துப்பிடாதீங்கக்கா,” என்றாள் மலர்க்கொடி, மெல்ல. “அப்பா கெடக்காரு.”

பவானியின் தொண்டை அவளைக் கேட்காமலே விழுங்கியது. விழுங்கியது இறங்கவில்லை. பாதியில் நின்றது. பிறகு, மடிப்பு மடிப்பாக, மேலே ஏறத் தொடங்கியது.