நிமிடத்துக்குப் பன்னிரண்டு

நஞ்சுண்டன் கட்டிலில் செத்துக் கிடந்தார்.

அவர் முகத்திலிருந்து கழற்றிய மாஸ்க்கிலிருந்து காற்று இன்னும் சீறிக்கொண்டிருந்தது...

மாஸ்க் இருந்தது டிரைவர் நிஜாமின் கையில்!

காங்கேயத்தில் தேங்காயெண்ணெய் மில் வைத்திருந்த நஞ்சுண்டனுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகும் வியாதி. 1999 ஜனவரியில் கோவை ஆர்.எஸ்.புரம் கிளினிக் ஒன்றில் மெஷின் கொடுத்தார்கள். ராத்திரி முழுக்க மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பதிவும் செய்து வைக்கும்.

தினமும் காலை ஐந்து மணிக்கு அவரை எழுப்புவது நிஜாம். போன வாரம் மில் ஆட்கள் முன்னால் அவரிடம் அறை வாங்கியவனும் அவன்தான்.

போலீசுக்கு அது போதுமாயிருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் ராமுலு மெஷினைக் கொண்டுவந்து கிளினிக் மேஜையில் வைத்தார். தினமும் மாஸ்க் மாட்டிவிடுகிறவள் என்பதால் நஞ்சுண்டனின் மனைவி காளியாத்தாளையும் கூட்டி வந்திருந்தார்.

டெக்னீஷியன் ஜன்னத் பதிவைக் கம்ப்யூட்டரில் இறக்கி, பிரிண்ட் எடுத்தாள்.

ராமுலு எட்டிப் பார்த்தார். காலை ஐந்து மணி வரை மூச்சு ஓடியிருந்தது. அப்படியானால் ஐந்து மணிக்கு அமுக்கிக் கொன்றவன் நிஜாம்தான், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார்.

ஜன்னத் பேனாவைத் தொடவில்லை.

"சார்... ராத்திரி பத்தே முக்கால் வரைக்கும் பாருங்க. பதினாறு, பத்தொம்பது, பதினாலு. மனுஷ மூச்சு இப்படித்தான் ஏறி எறங்கும்."

"அப்புறம்?"

"பன்னெண்டு. விடியற வரைக்கும் பன்னெண்டேதான். ஒரு தடவைகூட பதினொண்ணு இல்லீங்க... பதிமூணு இல்லீங்க."

"நிம்மதியாத் தூங்கியிருப்பாரு."

"தூங்கறவங்களுக்கு இப்படி வராதுங்க சார். ஆளு மூச்சு விடலைன்னா, மெஷினே நிமிஷத்துக்குப் பன்னெண்டு தடவை ஊதும். அப்படி செட் பண்ணுனதே நாந்தான். இது அவரு மூச்சில்லீங்க... மெஷினோட மூச்சு."

ராமுலு அவளுடைய பேட்ஜில் இருந்த பெயரை நிதானமாகப் படித்தார்.

"உங்க ஆளுன்னு காப்பாத்தறீங்களாம்மா?"

ஜன்னத்தின் முகம் சிவந்தது. காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

ராமுலு விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். பன்னிரண்டு... பன்னிரண்டு... பன்னிரண்டு...

ஐந்தாவது பக்கத்திலும் அதேதான். விரல் நின்றுவிட்டது.

பத்தே முக்காலுக்கு நிஜாம் வெள்ளகோவிலில், தங்கை வீட்டு விசேஷத்தில் இருந்தான். நாற்பது பேர் சாட்சி. அது அவருக்கே தெரியும். அதனால்தான் ஐந்து மணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப... பத்தே முக்காலுக்கு அந்த ஊட்ல யாரு இருந்தா?"

"நாந்தானுங்க."

காளியாத்தாள்!

குரல் நடுங்கவில்லை. பாலில் தூக்க மாத்திரைகளைக் கரைத்துக் கொடுத்ததைச் சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு வழக்கம்போல மாஸ்க்கையும் மாட்டிவிட்டாளாம். வியாதிதான் கொண்டுபோனது என்று ஊர் நம்பிவிடும் என்று நினைத்திருக்கிறாள். நிஜாமை இழுத்துப் போவார்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு நாளாக உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஜன்னத் அவள் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கம்மா... எதுக்குங்க?"

"எம்பட புள்ள பூங்கொடி, போன வருஷம் கெணத்துல தவறி உழுந்துட்டாள்னு ஊரே நம்புச்சு கண்ணு. நானும் நம்பிப்போட்டேன். போன மாசம் மத்தியானம் மாஸ்க் போடாம படுத்தவரு தூக்கத்துல பேசுனாரு... 'அவனைத்தான் கட்டிக்குவியா... அவனைத்தான் கட்டிக்குவியா'ன்னு. கையி ரெண்டும் எதையோ தள்ளுது..."

அவள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பிக் கேட்டேனுங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க."

ராமுலு தண்ணீர் டம்ளரைக் காளியாத்தாள் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு போனை இழுத்து ஸ்டேஷன் நம்பரைச் சுழற்றினார்.

"நிஜாமை வெளிய விடுய்யா... ஜாமீன் குடுத்தது யாருன்னு கேட்டா, செத்துப்போனவரோட நின்னுபோன மூச்சுதான்னு எழுதிக்கோ!"