இடக்கைக் கத்தரிக்கோல்

நாற்பது நாளாகப் பூட்டிக் கிடந்த அறையை ஷூஹெய் சனிக்கிழமை மதியம் திறந்தான். ஒசாகாவில் மழைக்காலம். ஜன்னல் அடைத்திருந்ததால் ஸ்பிரே நெடியும் பசை நெடியும் வெளியேறாமல் அப்படியே நின்றன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனை. உமேப் பழ மிட்டாயின் புளிப்பு. வேலை செய்யும்போது அவன் மனைவி மினோரி அதைத்தான் வாயில் அடக்கிக்கொள்வாள்.

மேஜையில் தலைப்பொம்மை, அதன்மேல் வெள்ளி நிற விக். மறுநாள் கதை நாயகர்கள்போல் வேடமிட்டுப் போகும் காஸ்ப்ளே ஊர்வலத்தில் நரிப்போராளி வேடத்துக்கானது. முன்னால் கொம்புபோல் எழ வேண்டிய முடி பாதியில் நின்றிருந்தது. பின்பக்கம் வெட்டப்படாமல் நீளமாகத் தொங்கியது. மினோரி போட இருந்த வேடத்தை அவள் தங்கை கனாடே போடப் போகிறாள். நான்கு மணிக்கு விக்கை வாங்க வருவாள்.

ஆஸ்பத்திரியில் மினோரி கடைசியாகத் தெளிவாகப் பேசியது இந்த விக்கைப் பற்றித்தான். "யாரும் அதுல கை வைக்காதீங்க. நான் வந்து முடிச்சுக்கறேன்."

வரவில்லை.

ஆணியில் தொங்கிய அவள் கத்தரிக்கோலை எடுத்துப் பின்முடியில் வைத்தான். இழை வெட்டுப்படவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்துகொண்டது. மறுபடி வெட்டினான். மறுபடி மடிந்தது. அப்புறம்தான் உறைத்தது. மினோரிக்கு இடதுகைப் பழக்கம். கத்தரிக்கோலும் இடக்கைக்குச் செய்தது. ஆறு வருஷம் கூட வாழ்ந்தவன் அதை மறந்திருக்கிறான்.

அதை ஆணியில் மாட்டினான். முதலில் கொம்பைப் பார்ப்போம் என்று டிரையரை எடுத்தான். சூடு காட்டி, விரலால் தூக்கிப் பிடித்து, ஆறும்வரை பொறுத்திருந்து, ஸ்பிரே அடித்தான். கையை எடுத்ததும் சரிந்தது. ஐந்து முறை செய்தான், ஐந்து முறையும் சரிந்தது. பொம்மை வேறு பிடிப்பில்லாமல் சுழன்றது.

போன் அடித்தது.

"அத்தான், கொம்பு நின்னுச்சா?"

"நிக்கும்."

"உங்க வேலை தெரியாதா எனக்கு? போன வருஷம் நீங்க ஒட்டின நரிக் காது ரயில்லயே விழுந்துச்சு. ஒரு தாத்தா, 'பொண்ணு, உன் காது'ன்னு எடுத்துக் குடுத்தாரு."

"போனை வை, கனாடே."

"வைக்கறேன். ஆனா அது முடியலன்னா நாளைக்கு நான் போகல. வேற விக் எனக்கு வேணாம். அக்கா ரெண்டு வருஷமா காத்திருந்த ஊர்வலம், அத்தான்."

மணி மூன்றரை. பொம்மையிலிருந்து விக்கைப் பிடுங்கித் தன் தலையிலேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்தான். அவன் சொந்த முடி காலருக்குக் கீழே வளர்ந்து விக்குக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தது. அவனுக்கு முடி வெட்டிவிடுவதும் அவள்தான்.

கொம்பு சரிந்தது.

"உயிரோட இருந்தப்பவும் நான் செஞ்சது எதுவும் உனக்குப் பிடிச்சதில்ல!" கத்திவிட்டான். "வரேன்னு சொன்னல்ல? நீயே வந்து முடி!"

டிரையரை அணைத்தான்.

மழைச் சத்தம் மட்டும்.

பிறகு உமே வாசனை. அறையில் தங்கிய பழைய வாசனை அல்ல. வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரு வாயிலிருந்து வருவது.

பிடரிக்குப் பின்னால்.

சில்லென்று இரும்பு கழுத்தில் பட்டது.

ச்ரக்.

கண்ணாடியில் அவன் மட்டும்தான் இருந்தான். சரிந்த கொம்பு மெல்ல எழுந்து, நின்றது.

ச்ரக். ச்ரக்.

"மினோரி?"

இரண்டு விரல்கள் அவன் தலையை முன்னுக்குத் தள்ளின. முடி வெட்டும்போது அசைந்தால் அவள் அப்படித்தான் செய்வாள். குனிந்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோதுதான் அது நின்றது.

"ஐயோ, நரி அத்தான்!" கனாடே சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். அவனுக்குப் பின்னால் போனாள். சிரிப்பு நின்றது.

"பின்னாடி யாரு வெட்டினா?"

"நான் தொடவே இல்ல."

"வெட்டு இடப்பக்கமா சாயுது." அவள் குரல் இறங்கியது. "இது அக்கா கை."

அவள் விக்கைக் கழற்றினாள். கொம்பு அசையவில்லை.

"நாளைக்குப் போட்டுக்குவியா?"

"போடாம? போடலன்னா என் வீட்டுக்கும் வந்துருவா." விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் செருப்பைச் சரியாக மாட்டக்கூட நிற்காமல் படியிறங்கினாள்.

தரையெங்கும் வெள்ளி இழைகள். நடுவே கறுப்பும் கிடந்தது.

ஷூஹெய் பிடரியைத் தடவினான். இடப்பக்கம் காதுவரை சீராக வெட்டியிருந்தது. வலப்பக்கம் இன்னும் காலருக்குக் கீழே தொங்கியது.

மினோரி எந்த வேலையையும் பாதியில் விடமாட்டாள்.

ஆணியைப் பார்த்தான். வெறும் ஆணி.

எழப் போனான். இரண்டு விரல்கள் அவன் தலையை மெல்ல முன்னுக்குத் தள்ளின.