நாற்சந்தி எருமைக்குச் சதை போட்ட கதை

தேர்நோம்பித் திருவிழாவுக்கு ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, நாற்சந்தி எருமைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

"கருமம், ஒட்டி உலர்ந்து நிக்குது பாருங்க. வெளியூர்ச் சனம் சிரிக்காதா?" என்றார் பேரூராட்சித் தலைவர் சென்னியப்பன். "கொஞ்சம் சதை போட்டு உடுங்க அம்மிணி."

நறுமுகைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யானை உயரத்துக்கு உணர்தோல் போர்த்தி அந்த எருமைச் சிலையைச் செய்தவள் அவள்தான். ஊர் குடிப்பது ஏரித் தண்ணீர். ஏரிக்கு வருவது கரட்டு மலைச் சரிவின் ஊற்றுத் தண்ணீர். அந்தச் சரிவெங்கும் மண்ணுக்குள் ஈரக்காதுக் கருவிகளைப் புதைத்திருந்தாள். ஈரம் குறைந்தால் காதுகள் சொல்லும், எருமை மெலியும். குழாயைத் திருகத் தெரிந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. மாடு மெலிந்தால் மட்டும் வயிறு எரியும். அதனால்தான் எருமை.

"தலைவரே, மெலியறதுக்குத்தான் அதைச் செஞ்சதே. மலையில ஈரமில்ல. ஐப்பசி மழை வரைக்கும் இருக்கிற ஏரித் தண்ணியிலதான் ஊரு பொழைக்கணும். குழாயில பாதிதான் வரும், பொறுத்துக்கங்க."

எருமையின் உடம்பைப் பார்த்துத்தான் மடைமூளை என்ற இயந்திரம் குழாய்களைத் திறக்கும், மூடும். மனிதக் கை படவே கூடாதென்று சண்டை போட்டு விதி எழுத வைத்தவளும் அவளே. ஆள் கையில் விட்டால் அவனவன் தெருவுக்குத் திறந்துகொள்வான் என்ற பயம்.

"தண்ணி கெடந்துட்டுப் போகுதுங்க. மாட்டைப் பாத்தாத்தான் மனசு கேக்க மாட்டேங்குது" என்று பெருமூச்சு விட்டார் தலைவர்.

அப்பாடா, உறைத்துவிட்டது என்று நினைத்தாள் நறுமுகை. எத்தனை படித்து என்ன?

தேரன்று காலையில் எருமை மினுமினுவென்று கொழுத்து நின்றது. மலையில் மழையா! வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. சரிவு முழுக்க டிராக்டர்கள். மக்கள் வந்து பார்க்கட்டும் என்று ஒவ்வொரு ஈரக்காதின் பக்கத்திலும் வண்ணக்கல் நட்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு குஞ்சு குளுவான் வந்ததில்லை. இன்று ஊரே வந்து, கல் கல்லாகத் தேடி டேங்கர் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஏது இவ்வளவு தண்ணி?"

"ஏரியிலதானுங்க" என்றார் ஓர் ஓட்டுநர். "வேற எங்க கெடக்குது?"

"அறிவிருக்கா உங்களுக்கெல்லாம்?" என்று கத்தினாள் நறுமுகை.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி" என்று ஓடிவந்தார் சென்னியப்பன். "சந்தைக்குப் போற மாட்டுக்கு வயிறு முட்டத் தண்ணி காட்டிக் கூட்டிப் போறதில்லீங்களா? அதாட்டத்தான். நோம்பி முடியட்டும், உட்டுடறோம்."

கீழே குழாய்கள் முழுசாகத் திறந்துகொண்டன. விருந்தாளிகள் குளித்தார்கள், தெருவெல்லாம் கழுவினார்கள். நறுமுகை மடைமூளையிடம் மன்றாடினாள். "எருமை நலம். மனிதக் கட்டளை ஏற்கப்படாது" என்றது அது. அவள் எழுதிக்கொடுத்த வாசகம்தான். நோம்பி முடியும்வரை டேங்கர்கள் ஏறி இறங்கின. கரட்டு மண் குடித்தது போக மிச்சத்தை வெயில் குடித்தது.

கடைசி விருந்தாளி கிளம்பிய மறுநாள் குழாய்கள் வெறும் காற்றைச் சீறின. காலிக் குடங்களோடு சனம் ஏரிக்கரையில் கூடியது. நடுவில் கொஞ்சம் சேறு கிடந்தது, அதில் நாலைந்து கெண்டை துடித்தன. ஐப்பசிக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

சேற்றைப் பார்த்த சென்னியப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. இப்போதாவது புரிந்ததே என்று நறுமுகைக்கு அழுகை முட்டியது.

அவர் திரும்பி நாற்சந்திப் பக்கம் பார்த்தார், மறுபடி ஏரியைப் பார்த்தார்.

"மாடு கொழுகொழுன்னு நிக்குதுங்களே அம்மிணி," என்றார். "அப்ப ஏரியிலதான் என்னமோ கோளாறுங்க."